பெண்மையும் போட்டியும்: சீன வரலாறு புகட்டும் பாடம்

போட்டியிட்டு முன்னேறுவது ஆண்மையின் இயல்பு என்றும், விட்டுக்கொடுத்து ஒதுங்குவது பெண்மையின் இயல்பு என்றும் ஒரு கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பழமை பேணுவோர் இதனை அறத்தின் பேராற் கூறினர். இன்று அதே கருத்தைச் சிலர் பொருளியலின் பேராற் கூறப் புகுந்துள்ளனர். உயர் பதவிகளிலும் உயர்ந்த ஊதியந் தருந் தொழில்களிலும் பெண்கள் அருகிக் காணப்படுவதற்குச் சமுதாயம் பொறுப்பன்று. பெண்கள் தாமாகவே போட்டியைத் தவிர்க்கின்றனர். களத்தில் இறங்காதவருக்குப் பரிசு கிடைப்பதெங்ஙனம் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு எளிமையாகவும் நியாயமாகவுந் தோன்றும் இவ்வாதத்தை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாதத்தினர் சான்றின்றிப் பேசவில்லை என்பதை முதற்கண் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2007 ஆம் ஆண்டு முரியல் நீடர்லே, லீஸா வெஸ்டர்லுண்ட் என்னும் இரு பெண் பொருளியலறிஞர்கள் அமெரிக்காவில் தாம் நடத்திய பரிசோதனை ஒன்றின் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்கள் நாற்பதின்மரும் பெண்கள் நாற்பதின்மரும் அதிற் பங்குபற்றினர். ஐந்து ஈரிலக்க எண்களைக் கூட்டி விடை காண்பது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. சுற்றொன்றுக்கு ஐந்து நிமிடம். முதற் சுற்றிலே சரியான விடையொன்றுக்கு 50 சதம் வீதம் அனைவருக்குங் கூலி வழங்கப்பட்டது. இரண்டாஞ் சுற்றிலே நால்வர் கொண்ட குழுவில் முதலிடம் பெறுபவருக்கு மாத்திரம் விடையொன்றுக்கு 2 டொலர். ஏனைய மூவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாஞ் சுற்றில் இவ்விரு முறைகளுள் எதன்படி கூலி பெறுவதென்பதை அவரவரே தீர்மானிக்குமாறு விடப்பட்டது. கணக்குச் செய்யுந் திறமையில் ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் ஆண்களுள் 73 வீதத்தினர் போட்டி முறையைத் தெரிந்தெடுத்தனர். பெண்களுள் 35 வீதத்தினரே அதனைத் தெரிந்தெடுத்தனர். தம் குழுவில் தாமே முதல்வர் என நம்பிய ஆண்கள் 75 வீதம். அங்ஙனம் நம்பிய பெண்கள் 43 வீதம். நால்வருள் ஒருவரே முதல்வராதல் கூடும் என்பதை நோக்குமிடத்து, இருபாலாருமே தம்மை மிகையாக மதித்தனர் என்பதும், ஆண்களின் மிகை பெரிதென்பதும் புலனாகும்.

இதன் பொருளாதார விளைவு வெளிப்படை. வெல்லக்கூடிய பெண்கள் பலர் போட்டியிடாமையால் இழந்தனர். வெல்லமாட்டாத ஆண்கள் பலர் போட்டியிட்டமையால் இழந்தனர். முதலாளித்துவ உலகில் உயர் தொழில்களின் ஊதியம் பெரும்பாலும் மேற்கூறிய இரண்டாஞ் சுற்றைப் போன்றே பங்கிடப்படுகின்றது. விண்ணப்பிப்போர் பலர், பதவி ஒன்று, அப்பதவிக்கும் அதற்குக் கீழுள்ள படிக்குமிடையே ஊதிய வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இத்தகைய அமைப்பிலே தொடக்கத்தில் ஒருமுறை தயங்கியவரின் இழப்பு, கடன்காரனின் வட்டியைப் போல ஆண்டுக்காண்டு வளர்ந்து செல்லும். தயக்கம் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றது. நெதர்லாந்து நாட்டுப் பள்ளி மாணவரிடையே நடத்தப்பட்டு 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று, கணிதமும் விஞ்ஞானமுஞ் சார்ந்த பாடநெறிகளைத் தெரிவதில் ஆண் பெண்ணிடையே காணப்பட்ட வேறுபாட்டின் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்குப் போட்டி மனப்பான்மையே காரணம் எனக் கண்டது.

ஆகவே தயக்கம் உண்டென்பதும், அதனால் இழப்பு உண்டென்பதும் ஐயத்துக்கு இடமின்றி ஏற்கத்தக்கன. ஆயின் அத்தயக்கம் எங்கிருந்து வந்தது? பிறப்போடு வந்ததா? வாழ்க்கை தந்ததா? ஒரு சமுதாயத்தை மாத்திரம் நோக்கி இவ்வினாவுக்கு விடை கூறுதல் இயலாது. ஒரே இனத்தாராய், ஒரே மொழியினராய், ஒரே மரபின் வாரிசுகளாய் இருந்த மக்கள் இரு கூறாகி, வெவ்வேறு சமுதாய அமைப்பின்கீழ்த் தம் பெண் மக்களை வளர்த்திருப்பின், அவ்விரு கூறுகளையும் ஒப்புநோக்கல் பயன்தரும். அத்தகைய அரிய வாய்ப்பைச் சீன வரலாறு நமக்கு அளிக்கின்றது.

போட்டிப் பரீட்சை என்னும் நிறுவனத்தை உலகுக்குத் தந்த நாடு சீனம். அரச பதவிகளுக்கு உரியோரை எழுத்துப் பரீட்சை மூலந் தெரியும் முறை அங்கு ஏழாம் நூற்றாண்டளவில் உருப்பெற்று, 1905 ஆம் ஆண்டு நீக்கப்படும்வரை ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நிலவியது. ஏழை உழவனின் மகனும் கற்றுத் தேறினால் அமைச்சனாகலாம் என்பது அம்முறையின் பெருமையாகப் பேசப்பட்டது. உழவனின் மகனுக்கு ஏட்டளவிலேனுந் திறந்திருந்த அக்கதவு, அமைச்சனின் மகளுக்கும் முற்றாக மூடப்பட்டிருந்தது. பதின்மூன்று நூற்றாண்டுகளாகப் பரீட்சை மண்டபத்தின் வாயிலைக் கூட மிதிக்க விடப்படாத ஒரு பாலாரை நோக்கி, 'இவர்கள் போட்டியை விரும்பாதவர்' என்று கூறுவது எத்துணைப் பொருத்தம்?

விருப்பமின்மை அன்று அவர்களைத் தடுத்தது என்பதற்கு இலக்கியமே சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டிலே சென் துவான்ஷெங் என்னும் பெண் புலவர் 'ஸாய்ஷெங் யுவான்' என்ற நெடுங்கதைப் பாடலை இயற்றினார். அதன் தலைவி மெங் லிஜுன் தன்மேற் சுமத்தப்பட்ட திருமணத்திலிருந்து தப்புதற்பொருட்டு ஆணுடை தரித்து வீட்டை விட்டு வெளியேறுகிறாள், பரீட்சை எழுதி நாட்டிலேயே முதலிடம் பெறுகிறாள், முதலமைச்சராய் உயர்கிறாள். தந்தையும், தனக்கென நிச்சயிக்கப்பட்டவனும் அவளைத் தொழுது நிற்கும் நிலை உண்டாகின்றது. விருப்பமில்லாத ஒரு பாலாரின் கற்பனை இத்தகைய கதையைப் படைத்திருக்குமா என எண்ணிப் பார்த்தல் தகும். மதுவுண்டு மயங்கிய நிலையில் அவளுடைய காலணிகள் கழற்றப்பட, கட்டப்பட்ட சிறிய பாதங்கள் அவளைக் காட்டிக்கொடுக்கும் கட்டம்வரை கதை செல்கின்றது. பதினேழாம் பாகத்தோடு ஆசிரியர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். முடிவு வேறொருவராற் பின்னர் எழுதப்பட்டது. அறிவினால் நாட்டையே வென்ற பெண், பெண்ணென அறியப்பட்ட பின் அச்சமுதாயத்தில் அவளுக்கு என்ன இடம் உண்டு? ஆசிரியர் விடை எழுதாமற் போனதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயின் அச்சமுதாயத்திடமும் விடை இருக்கவில்லை.

அவளைக் காட்டிக்கொடுத்த பாதங்களைப் பற்றியும் ஈண்டு ஒரு வார்த்தை கூறுதல் அவசியம். சிறுமியரின் கால்களை இறுகக் கட்டி முடமாக்கும் வழக்கத்தை அழகுணர்ச்சியின் கோணல் எனப் பலர் விளக்கினர். லோரல் பொசென், ஹில் கேற்ஸ் என்னும் மானிடவியலாளர் இருவர், முதிய சீனப் பெண்கள் ஏறத்தாழ 1800 பேரிடம் திரட்டிய செய்திகளை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட நூலிலே வேறொரு காரணத்தைச் சுட்டினர். நூல் நூற்றலும் நெய்தலும் வீட்டுக் கைத்தொழிலாய் இருந்த பகுதிகளிலே, ஓடி விளையாடும் வயதிற் சிறுமியை ஓரிடத்தில் இருத்தி உழைக்கச் செய்வதற்கு அவ்வழக்கம் துணையாயிற்று என்பதும், ஆலைத் துணி வந்து வீட்டு நூற்பு நசித்தபோது அவ்வழக்கமும் தளர்ந்தது என்பதும் அவர்தம் முடிபு. பெண்மையின் 'அடக்கம்' எனப் போற்றப்பட்ட பண்புக்குப் பின்னால் ஒரு கூலிக் கணக்கு மறைந்திருந்தமை இதனாற் பெறப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பழைய கட்டுகள் தளரலாயின. பெண் கல்விக்கும் நாட்டு விடுதலைக்குமாகப் போராடிய சியூ ஜின் 1907 இற் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். 1920 இற் பெய்ஜிங் பல்கலைக் கழகம் பெண்களுக்குக் கதவு திறந்தது. எனினும் இவை நகரத்துக் கற்ற குடும்பங்களையே பெரிதுந் தொட்டன. 1949 ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது சீனப் பெருநிலம் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சிக்கு உட்பட்டது. தோல்வியுற்ற கோமிந்தாங் கட்சி தைவான் தீவுக்குச் சென்று அங்கு தன் ஆட்சியை நிலைநாட்டியது. தைவான் அதற்கு முன் அரை நூற்றாண்டு யப்பானியர் ஆட்சியில் இருந்ததுண்டு. ஆயினும் கொன்பியூசிய குடும்ப ஒழுக்கமும், தந்தை வழி உரிமையும் இரு கரைகளுக்கும் பொதுவான முதுசம். அந்த முதுசத்தைப் பெருநிலத்தின் புதிய அரசு வெளிப்படையாகவே எதிர்த்தது. தைவான் அரசு அதனைத் தேசியப் பண்பாடெனப் பேணியது.

1950 மே மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் பெருநிலத்திலே கட்டாயத் திருமணத்தையும், சிறுவயது மண ஒப்பந்தத்தையும், வைப்பாட்டி முறையையும் ஒழித்தது. மணவிலக்குக் கோரும் உரிமை பெண்ணுக்குங் கிட்டியது. சட்டத்தினும் ஆழமாகப் பெண்ணின் வாழ்வை மாற்றியது அவள் வீட்டுக்கு வெளியே உழைக்க வந்தமையாகும். அங்கேதான் போட்டி என்பது பெண்ணின் கையில் ஓர் ஆயுதமாக முதன்முதலில் வந்து சேர்ந்தது.

ஷான்சி மாநிலத்துச் சீகோ என்னும் மலைக் கிராமத்தில் நிகழ்ந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கு அமைந்த கூட்டுப் பண்ணையில் உழைப்பு, புள்ளிகளால் அளக்கப்பட்டது. ஆண்டிறுதியில் விளைவு அப்புள்ளிகளின்படி பங்கிடப்பட்டது. ஆணின் ஒரு நாள் உழைப்புக்குப் பத்துப் புள்ளி. பெண்ணுக்கு அதிற் பாதி. பாதிப் புள்ளிக்கு வயலில் வெயில் காய்வதினும் வீட்டிலிருந்து தைப்பது நன்று எனப் பெண்கள் ஒதுங்கினர். மேலெழுந்தவாரியாக நோக்குவோர் இதனையும் 'பெண்மையின் இயல்பு' என்றே கூறியிருப்பர். ஷென் ஜிலான் என்னும் இளம் பெண் அவர்களைத் திரட்டினார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாக வேலையைப் பகிர்ந்து, எவர் முன்னர் முடிப்பர் எனப் பந்தயம் வைக்கப்பட்டது. பெண்கள் வென்றனர். 1952 இல் சீகோவிற் சம வேலைக்குச் சம புள்ளி என்னும் விதி ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாட்டின் முதன்மை நாளிதழ் அச்செய்தியை நாடெங்கும் பரப்பியது. ஒதுங்கி நின்ற அதே பெண்களே பந்தயத்துக்கு வந்தனர். அவர்களுடைய இயல்பு ஓராண்டில் மாறிவிடவில்லை, மாறியது பரிசு.

1960 களில் இவ்வுணர்ச்சி அரசின் கொள்கையாகவே வளர்ந்தது. 1963 இற் பெருவெள்ளத்தால் அழிந்த தாஜாய் கிராமத்தை மீளக் கட்டியெழுப்புவதில் ஆண்களோடு தோளொத்து உழைத்த இளம் பெண்கள் 'இரும்புப் பெண்கள்' எனப் பெயர் பெற்றனர். அவர்களுள் ஒருவரான குவோ ஃபெங்லியன் அப்போது பதினாறு வயதினர். ஆண் செய்வதனைப் பெண்ணுஞ் செய்யலாம் என்னும் மாவோவின் கூற்று ஆலைச் சுவர்களிலும் பள்ளிச் சுவர்களிலும் எழுதப்பட்டது. மின்கம்பத்தில் ஏறும் பெண், உழவு இயந்திரம் ஓட்டும் பெண், எண்ணெய்க் கிணறு தோண்டும் பெண் ஆகியோரின் படங்களைப் பார்த்தே ஒரு தலைமுறைச் சிறுமியர் வளர்ந்தனர்.

இவ்விடத்தில் உண்மையின் மறுபக்கத்தை மறைத்தல் முற்போக்காளருக்கு அழகன்று. சீகோ போன்ற கிராமங்கள் சிலவே. பெரும்பாலான கிராமங்களில் ஆணுக்குப் பத்துப் புள்ளி வழங்கப்படும்போது பெண்ணுக்கு ஆறு முதல் எட்டு வரையே வழங்கப்பட்டது. 1958 இன் 'பெரும் பாய்ச்சல்' பொதுச் சமையற் கூடங்களையும் குழந்தைக் காப்பகங்களையுந் தோற்றுவித்தது உண்மை. அதனைத் தொடர்ந்து 1961 வரை நீடித்த பஞ்சம் கோடிக்கணக்கான மக்களைப் பலிகொண்டதும் உண்மை. வரலாற்றாசிரியர் கெயில் ஹெர்ஷாட்டர் சீனத்தின் வடமேற்குக் கிராமங்களில் முதிய பெண்களிடங் கேட்டறிந்தவற்றை 2011 இல் நூலாக்கினார். பகலெல்லாம் வயலில் உழைத்த அப்பெண்கள் இரவில் விளக்கொளியில் விழித்திருந்து, குடும்பத்தார் அனைவருக்கும் உடையுஞ் செருப்புந் தைத்தனர். அந்த இரவு வேலைக்குப் புள்ளி கிடையாது. பெண் ஆணுக்கு நிகரென்பதன் பொருள், பெண் ஆணின் வேலையைச் செய்தல் என்றே கொள்ளப்பட்டது; ஆண் பெண்ணின் வேலையைச் செய்தல் என்று எவருங் கொள்ளவில்லை.

இக்குறைகள் அனைத்தும் இருப்பினும், அக்காலம் பெண் மக்களின் மனத்தில் எதனையேனும் விட்டுச் சென்றதா? இவ்வினாவுக்கு விடை காணவே அலிசன் பூத் என்னும் பொருளியலறிஞரும் அவருடைய துணைவர் மூவரும் பெய்ஜிங் நகரிலும் தைபே நகரிலும் ஆய்வொன்று நடத்தினர். 2019 இல் வெளிவந்த அவ்வாய்வு, 1958, 1966, 1977 ஆகிய ஆண்டுகளிற் பிறந்தோரை இரு நகரங்களிலும் ஒப்பிட்டது. இவ்வாண்டுகள் ஆழ்ந்த பொருளுடையன. 1958 இற் பெய்ஜிங்கிற் பிறந்தவர் கலாசாரப் புரட்சி தொடங்கிய 1966 இல் எட்டு வயதினர். அது முடிவுற்ற 1976 இற் பதினெட்டு வயதினர். அவர்தம் வளர்பருவம் முழுவதும் 'இரும்புப் பெண்' காலத்திற் கழிந்தது. 1966 இற் பிறந்தவர் இரு காலங்களுக்கும் இடைப்பட்டவர். 1977 இற் பிறந்தவர், 1978 இல் தொடங்கிய சந்தைச் சீர்திருத்தத்தின் குழந்தைகள்.

முடிவு யாதெனில், பெய்ஜிங் பெண்கள் தைபே பெண்களிலும் பார்க்கப் போட்டியில் இறங்குதற்கு முன்வந்தனர். பெய்ஜிங்கினுள்ளும், பழைய ஆட்சியின் கீழ் வளர்பருவத்தைக் கழித்த பெண்கள் தம் காலத்து ஆண்களைக் காட்டிலும், சந்தைக் காலத்தில் வளர்ந்த இளைய பெண்களைக் காட்டிலும் மிகுதியாகப் போட்டியை விரும்பினர். தைபேயிலோ தலைமுறைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்குமிடையேயும் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஒரே மக்கள், ஒரே முதுசம். போட்டி விருப்பம் பிறப்போடு வந்த பண்பாயின், ஆட்சி மாறும்போது அஃது ஏறுவானேன்? சந்தை வந்தபோது இறங்குவானேன்? தாயிடத்து மிகுந்திருந்த துணிவு மகளிடத்துக் குறைவானேன்?

இம்முடிபு சீனத்துக்கு மாத்திரம் உரியதன்று. வடகிழக்கு இந்தியாவில் மேகாலய மலைகளில் வாழுங் காசி மக்களிடையே முதுசச் சொத்து கடைசி மகளைச் சேருகின்றது. தன்சானியா நாட்டு மசாய் மக்களிடையே ஆணாதிக்கம் வலிது. இவ்விரு மக்களிடையேயும் பந்தைக் கூடையில் எறியும் ஒரு பரிசோதனை நடத்தப்பட்டு 2009 இல் முடிவு வெளியாயிற்று. மசாய் ஆண்களுள் 50 வீதத்தினரும் பெண்களுள் 26 வீதத்தினரும் போட்டியைத் தெரிந்தனர். காசி மக்களுள் பெண்கள் 54 வீதம். ஆண்கள் 39 வீதம். பின்னர் 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காசிச் சிறுவர் சிறுமியரையும், அயலில் வாழுந் தந்தைவழிச் சமுதாயத்தினரான கார்பிச் சிறுவர் சிறுமியரையும் ஒப்பிட்டது. ஏழு வயதில் இரு சமுதாயத்திலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. தந்தைவழிச் சமுதாயத்திற் பூப்பெய்தும் வயதை அண்மித்தே சிறுமியரின் போட்டி விருப்பம் குன்றியது. 'நீ இனிச் சிறுபிள்ளை அல்லள்' என்று வீடு கூறத் தொடங்கும் வயது எதுவோ, அவ்வயதிலேயே அத்தயக்கமும் பிறக்கின்றது.

மீண்டுஞ் சீனத்துக்கு வருவோம். 1978 க்குப் பின் நிகழ்ந்த மாற்றத்தின் பொருளாதார விளைவுகள் மனங்கொளத் தக்கன. 'இரும்புப் பெண்' கேலிப் பொருளானாள். மெல்லியலாளே பெண் என்னும் பழங்கருத்து விளம்பரப் பலகைகளில் ஏறி வந்தது. பெண்கள் வீட்டுக்குத் திரும்பினால் வேலையில்லாத் திண்டாட்டம் தீருமன்றோ என்னும் வாதம் 1980 களில் ஏடுகளிலேயே நிகழ்ந்தது. 1990 களின் பிற்பகுதியில் அரசு ஆலைகளில் ஆட்குறைப்பு நிகழ்ந்தபோது பெண்களே முதலில் வெளியேற்றப்பட்டோருள் மிகுதியாயினர். ஆலைகளோடு இணைந்திருந்த குழந்தைக் காப்பகங்கள் மூடப்பட்டன. அகில சீனப் பெண்கள் சம்மேளனத்தின் கணக்கெடுப்பின்படி, நகரத்துப் பெண்ணின் சராசரி வருமானம் 1990 இல் ஆணின் வருமானத்தில் 77.5 வீதமாக இருந்தது. 2010 இல் அது 67.3 வீதமாக வீழ்ந்தது. நாடு வரலாறு காணாத செல்வப் பெருக்கை அடைந்த இருபதாண்டுகளில் நிகழ்ந்த வீழ்ச்சி இது.

இவ்வீழ்ச்சிக்குப் பெண்களின் தயக்கத்தைக் காரணங் காட்டுவோர், பந்தயத்தின் விதிகளை நோக்க மறக்கின்றனர். பழைய ஆட்சி வகுத்து, சந்தைக் காலமுங் கைவிடாது காத்த விதி ஒன்றுண்டு. ஆண் அறுபது வயதிலும், பெண் தொழிலாளி ஐம்பது வயதிலும், பெண் அலுவலர் ஐம்பத்தைந்து வயதிலும் ஓய்வுபெறல் வேண்டும் என்பதே அது. 2025 ஜனவரியிலேதான் அவ்வயதெல்லைகளைப் படிப்படியாக உயர்த்தும் மாற்றம் தொடங்கியது. அதன் பின்னரும் வேறுபாடு முற்றாக நீங்குவதாயில்லை. உச்சப் பதவிகள் பெரும்பாலும் பிற்பட்ட வயதிற் கிட்டுவன. ஓட்டத்தின் இறுதிப் பகுதியை ஒரு பாலாருக்கு மூடிவிட்டு, 'இவர்கள் ஏன் விரைந்து ஓடவில்லை?' எனக் கேட்பது எத்தகைய நீதி! தைவானிலும் கதை வேறன்று. 1987 இல் அங்கே நினைவு மண்டபம் ஒன்றிலும் கலாசார நிலையம் ஒன்றிலும் பணிபுரிந்த பெண்கள், திருமணமானாலோ முப்பது வயதடைந்தாலோ வேலையை விட்டு நீங்கவேண்டும் என்னும் நிபந்தனையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அத்தகைய நிபந்தனைகளுக்கு முடிவு கட்டிய தொழிற் சமத்துவச் சட்டம் 2002 இலேதான் நடைமுறைக்கு வந்தது.

இனி, நாம் தொடங்கிய பரீட்சை மண்டபத்துக்கே திரும்புவோம். கலாசாரப் புரட்சிக் காலத்தில் நிறுத்தப்பட்ட பல்கலைக் கழக அனுமதிப் பரீட்சை 1977 டிசம்பரில் மீண்டும் நடைபெற்றது. 57 இலட்சம் பேர் தோற்றினர். 2,73,000 பேர் இடம் பெற்றனர். பெயரும் முகமும் அறியாது விடைத்தாளை மாத்திரம் நோக்கும் அப்போட்டியிற் பெண்கள் ஆண்டுதோறும் முன்னேறினர். விளைவு என்ன? சில பல்கலைக் கழகங்கள் சில பாடநெறிகளுக்கு ஆண்களிடம் குறைந்த புள்ளியும் பெண்களிடங் கூடிய புள்ளியும் எதிர்பார்க்கலாயின. 2012 ஆகஸ்டில் குவாங்ஜோ நகரில் இளம் பெண்கள் சிலர் தம் தலையை மழித்து இவ்வநீதியை எதிர்த்தனர். அடுத்த ஆண்டு கல்வியமைச்சு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பாலடிப்படையிலான வேறுபாட்டைத் தடைசெய்தது. ஆணுடை தரித்துப் பரீட்சை எழுதிய மெங் லிஜுனின் கதையை எழுதியவர் இக்காட்சியைக் கண்டிருப்பின் என்ன நினைத்திருப்பார்! பெண் போட்டியிட மாட்டாள் என்றனர். போட்டியிட்டு வென்றபோது வெற்றிக் கோட்டையே நகர்த்தினர்.

இவற்றால் நாம் பெறும் முடிபுகள் இரண்டு. முதலாவது, போட்டியிடும் விருப்பமும் அதில் தயக்கமும் வரலாற்றின் படைப்புக்கள். சொத்துரிமை, தொழில், கூலி, கல்வி, வீட்டுப் பணி ஆகியவற்றின் அமைப்பு மாறும்போது அவையும் மாறுவன. இரண்டாவது, விருப்பம் மாத்திரம் விடுதலையாகாது. 'இரும்புப் பெண்' போட்டியிட்டாள். ஆயின் ஆணை அளக்கச் செய்த கோலே அவளையும் அளந்தது. அவளுடைய இரவு உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அரசு ஊட்டிய துணிவை அரசே கைவிட்டபோது, அடுத்த தலைமுறையில் அத்துணிவு தளர்ந்தது. ஆகையால் பெண்களுக்குத் துணிவு போதிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. பரிசையும் விதியையும் ஒருங்கே திருத்துதல் வேண்டும்.

ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் இதனை வேறு எவரிலும் பார்க்க நன்குணர்தல் வேண்டும். 1945 இல் வந்த இலவசக் கல்வி நம் நாட்டில் பரீட்சை மண்டபத்தின் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. இன்று பல்கலைக் கழகம் புகுவோருள் அவர்களே பெரும்பான்மையினர். தொழில் உலகிலோ, வேலை செய்யும் வயதினரான பெண்களுள் மூவரில் ஒருவரளவே காணப்படுகின்றனர். பரீட்சையில் முன்னின்ற மற்றையோர் எங்கே? வகுப்பில் விடை தெரிந்தும் கை உயர்த்தாதிருக்கும் மாணவியை 'அடக்கமானவள்' என நாம் பாராட்டும்போது, சீகோ கிராமத்துப் புள்ளிப் புத்தகத்தில் அவளுக்கு ஐந்து புள்ளி இட்டவர்களின் வரிசையில் நாமும் அறியாமலே போய் நிற்கிறோம். அக்கையை உயர்த்தச் செய்வது நம் கடமை; உயர்ந்த கைக்கு உரிய புள்ளியைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது சமுதாயம் முழுவதன் கடமை.